குண்டாற்று மணலில் எரிக்காத கோட்டு

இறந்துபோன நண்பனின் கோட்டை எரித்துவிட்டேன் என்று அவனுடைய மனைவியிடமும் மகளிடமும் பொய் சொல்லிவிட்டு, அதை நானே வைத்துக்கொண்டேன். மூன்று குளிர்காலம் அதைப் போட்டுக்கொண்டு திரிந்தேன். எனக்கு இப்போது வயதாகிவிட்டது. சொல்ல வேண்டியவர்களிடம் அப்போதே சொன்னேன். மற்றவர்களுக்கு இன்றுதான் சொல்கிறேன்.

அருப்புக்கோட்டையில் ஒருவன் குளிர்ச்சட்டை சேர்த்தான் என்றால் யாருக்கும் சிரிப்பு வரும். எங்களுக்கு நூல் கடை. தறிக்காரர்களுக்கு நூல் விற்கும் குடும்பத்தில் பிறந்து, மதுரையில் சரித்திரம் எம்.ஏ. படித்துவிட்டு, படித்ததற்கு ஒரு வேலையும் இல்லாத கல்லாவில் வந்து உட்கார்ந்தவன் நான். எண்பதுகளின் தொடக்கத்தில் மதுரையில் நடைபாதையில் வெளிநாட்டுப் பழைய துணிகளைக் குவியலாகப் போட்டு விற்பார்கள். பேல் பேலாகக் கப்பலில் வந்தவை. அந்தக் குவியலில் ஒருநாள் பச்சை நைலானில் ஒரு கோட்டு கிடைத்தது. கழுத்தில் ரோமக் காலர், இடது கையில் பேனா செருகும் பை, உள்ளே பளீரென்று ஆரஞ்சு நிறத் துணி. எந்த நாட்டு விமானியோ, எந்த வானத்திலோ போட்டது. புத்தகத்தில் படித்த சரித்திரத்தைக் கையால் தொட்டதுபோல இருந்தது. வாங்கினேன். அப்புறம் நிறுத்தவே முடியவில்லை.

எங்கள் ஊரில் மார்கழியில் விடியற்காலை ஐந்து மணியிலிருந்து ஏழு மணி வரைதான் குளிர் என்று சொல்ல ஏதாவது இருக்கும். அந்த இரண்டு மணி நேரத்துக்காக வருடம் முழுவதும் காத்திருப்பேன். கோட்டை மாட்டிக்கொண்டு மொபெட்டில் பாளையம்பட்டி டீக்கடை வரை போவேன்.

"ஏலே, கரடி வருது. வழி விடுங்கலே."

"அண்ணாச்சி, உள்ளுக்குள்ள ஐஸ் கட்டி எதுவும் வச்சிருக்கீகளா?"

டீக்கடைக்காரர் தன் பங்குக்குச் சொல்வார்: "மொதலாளிக்கு டீ வேணாம்ப்பா. பானைத் தண்ணி குடு, பாவம் வேகுறாரு."

ஏழரை மணிக்கு முதுகில் வெயில் ஏறும். வியர்வை முழங்கைக்கு ஓடும். வீம்புக்குக் கழற்றமாட்டேன்.

என் மனைவிக்குச் சிரிப்பு வராது. "எவன் எப்படிச் செத்தானோ. செத்தவன் சட்டைய வீட்டுக்குள்ள தொங்க விட்டா வெளங்குமா?" என்பாள். எங்கள் பக்கத்தில், இறந்தவர் கடைசியாக உடுத்தியதை வீட்டில் வைப்பதில்லை. பதினாறாம் நாள் கருமாதியன்று அது ஊர்ச் சலவைக்காரரிடம் போகும், இல்லையென்றால் ஆற்றுக்குப் போகும். நான் அதையெல்லாம் கேலி செய்வேன். "துணிக்குச் சாவு ஏது? கடைத்தெருவுல விக்கிற துணிய யாரு செத்தா யாரு பொழைச்சான்னு பாத்தா நெய்யிறாங்க?" என்று கடைக்கு வருகிறவர்களிடமும் வாதாடுவேன். சாமி, சாத்திரம் பார்க்காத மனிதர் என்று சுற்றுவட்டாரத்தில் எனக்குப் பெயர். அந்தப் பெயர்தான் பிற்பாடு எனக்கு உதவியது.

நண்பனைச் சந்தித்தது மதுரை பஸ்ஸில். மடியில் பச்சைக் கோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் கேட்காமல் கொள்ளாமல் அதன் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"வெளிநாட்டுப் பைலட்டு கோட்டு. உள்ள எதுக்கு ஆரஞ்சுக் கலரு, தெரியுமா?"

"தெரியாது."

"பிளேன் விழுந்துட்டா திருப்பிப் போட்டுக்கிடணும். தேடி வாரவன் கண்ணுல படும்."

அருப்புக்கோட்டை வந்து சேர்வதற்குள் நாங்கள் ஒருமையில் பேச ஆரம்பித்திருந்தோம். விமானப்படையில் பதினைந்து வருடம் எஞ்சின் மெக்கானிக்காக இருந்துவிட்டு, எம்.ரெட்டியபட்டிப் பக்கத்தில் உள்ள தன் ஊருக்குத் திரும்பிப் பருத்தியும் கம்பும் போட்டுக்கொண்டிருந்தான். மனைவி, ஒரே மகள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போனபோது தகரப் பெட்டியைத் திறந்து அவனுடைய கோட்டைக் காட்டினான்.

நான் பார்த்தவற்றிலேயே அதற்கு ஈடு கிடையாது. வெளியே காப்பிக்கொட்டை நிறத் தோல், உள்ளே செம்மறியாட்டு ரோமம், விரல் நீளத்துக்கு அடர்த்தி. தூக்கிவிட்டால் காது வரை மறைக்கிற அகலக் காலர், அதற்கு இரண்டு வார். பித்தளை ஜிப்பு. மேலே திறந்த விமானங்களில் பறந்த காலத்துக் கோட்டு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் போன ஒரு முதிய அதிகாரி, பனிமலைத் தளத்தில் நடுங்கிக்கொண்டு எஞ்சினைப் பிரித்துக்கொண்டிருந்த இவன் முதுகில் போட்டுவிட்டுப் போனாராம். இடது முழங்கை எஞ்சின் சூட்டில் கருகி ஓட்டை விழுந்திருந்தது. ஊருக்கு வந்தபிறகு, கிணற்றில் நீர் இறைத்த பழைய கமலைத் தோலில் ஒரு துண்டு வெட்டி அங்கே ஒட்டுப்போட்டிருந்தான். சாக்கு ஊசியால் போட்ட பெரிய பெரிய தையல்.

காலரைத் தூக்கிக் காட்டினான். உள்ளே ஒரு வெள்ளைத் துணிப்பட்டை. அதில் அவனுடைய படை எண். எண்ணுக்குக் கீழே நீல மையில் தமிழில்: பெண் குழந்தை, தாயும் சேயும் நலம்.

"பாதையில பனி மூடிக் கெடந்துச்சு. தந்தி வந்து சேர பதினோரு நாளாச்சு. காயிதம் நனைஞ்சு பிஞ்சு போச்சுய்யா. அதான் இதுல எழுதி வச்சுக்கிட்டேன். இதப் போட்டுக்கிட்டுத்தான் அன்னைக்கி பூரா எல்லாருக்கும் சீனி குடுத்தேன். முட்டாய் ஏது அங்க?"

அவன் மகளுக்கு அப்போது பத்து வயது இருக்கும். "எங்கப்பா எழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்குல்ல மாமா?" என்று சிரித்தது.

அதன்பின் எட்டு ஒன்பது வருடம் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் கோட்டுகள்தான். என்னிடம் பதினொன்று சேர்ந்தன. நடைபாதைக் குவியலில் கையை விட்டே இது அசல், இது சினிமாக்காரன் தைத்தது என்று சொல்லிவிடுவான். ஐப்பசி மழை முடிந்ததும் அவன் தோட்டத்தில் வேப்பமர நிழலில் கயிறு கட்டி எல்லாவற்றையும் காயப்போடுவோம். பூச்சி வராமலிருக்கப் பைகளில் வசம்பு போடுவோம். தோலுக்கு விளக்கெண்ணெய் தடவ அவன்தான் கற்றுக்கொடுத்தான். கமலைத் தோலுக்கு அவன் அப்பா செய்ததாம். ரோட்டில் போகிறவர்கள், "என்னப்பா, கரடிச் சந்தையா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் கோட்டை நான் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். வழக்கமாகச் செய்வதுதான்.

"ஏலே, கழட்டிக் குடு. ஆசையப் பாரு."

"எனக்குக் குடுத்துருய்யா. நீ என்னைக்கிப் போடுற?"

"நான் போயிட்டா எடுத்துக்க. ஒன்னயத் தவிர இத யாரு பாதுகாப்பா? அதுக்காக என்னைய வெரசா அனுப்பிராத மொதலாளி."

சிரித்தோம். அவன் அதை அப்போதே மறந்திருப்பான். நான் மறக்கவில்லை. அன்றிலிருந்தே அது என்னுடைய கோட்டு, கொஞ்ச காலம் அவனிடம் இருக்கிறது என்று என் மனதில் பதிந்துவிட்டது.

அவனுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. மதுரை ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போவேன், கூட்டிக்கொண்டு வருவேன். கடைசியில் படுத்தது சித்திரையில். ஓடு அனலாய்க் கொதிக்கிற நடுப்பகலில் அவனுக்குக் குளிர்ந்தது. பல் கிட்டிக்கும். மனைவி அந்தக் கோட்டை எடுத்துப் போட்டுவிட்டார். அதற்குள் அவன் ஒரு சிறுபிள்ளை போலக் கிடந்தான். மகள் அப்போது ஆசிரியப் பயிற்சியில் சேர்ந்து மதுரை விடுதியில் இருந்தாள்.

ஒருநாள் என் கையைப் பிடித்துச் சொன்னான்: "கோவிச்சுக்காதய்யா. கோட்டு புள்ளைக்கு. ஒங்கிட்டச் சொன்னது நெனப்பு இருக்கு. ஆனா அது அவளுது. பனிக்காலத்துல பிறந்த புள்ள."

"அதுக்கென்னய்யா. அவளுக்குத்தான்" என்றேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு ஆத்திரம். வாக்குக் கொடுத்துவிட்டு ஏமாற்றிவிட்டான். எத்தனை தடவை மதுரைக்கு அலைந்திருக்கிறேன், விளக்கெண்ணெய் தடவி அதைக் காப்பாற்றியது யார், அந்தப் பெண்ணுக்கு அதன் ஜிப்பின் அருமையாவது தெரியுமா என்றெல்லாம் மனதுக்குள் பேசிக்கொண்டே வந்தேன். சாகக் கிடக்கிற ஒருவன் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. துரோகம் செய்யப்போகிறவன் முதலில், துரோகம் தனக்குத்தான் நடந்தது என்று நம்பிவிடுகிறான். நான் நம்பினேன்.

வைகாசியில் இறந்தான். கருமாதியன்று அவனுடைய வேட்டி சட்டைகளைச் சலவைக்காரர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். கோட்டு மட்டும் சுவர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கடைசியாக அவன் உடம்பில் இருந்தது அதுதான். உறவினர்கள் முணுமுணுத்தார்கள். கட்டிக்கொடுக்க வேண்டிய பெண் இருக்கிற வீட்டில் அது ஆகாது என்றார் ஒரு பெரியவர். மகள் எழுந்து ஆணிக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"எங்கப்பா எனக்குன்னு சொல்லிருக்காக. குடுக்க மாட்டேன்."

அவள் அம்மா என்னைப் பார்த்தார். "அண்ணே, நீங்க சொல்லுங்க. நீங்க படிச்சவுக. இந்தச் சாங்கியமெல்லாம் பாக்காதவுக. நீங்க என்ன சொல்றீகளோ அப்படியே செய்வோம்."

மகளும் என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை நான் பார்த்தேன். மாமா வைத்துக்கொள்ளச் சொல்லிவிடுவார் என்ற நிம்மதி. நான் சொல்ல வேண்டிய வாக்கியத்தைப் பத்து வருடமாக ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

"வீட்டுல வைக்கிறது நல்லதில்லம்மா" என்றேன். "நானே இதையெல்லாம் நம்பாதவன்தான். ஆனா சில விசயத்துல பெரியவுக சொல்றதுல அர்த்தம் இருக்கு. திருச்சுழிக்குக் கொண்டு போயி, ஆத்துல நானே விட்டுர்றேன்."

"குண்டாத்துல தண்ணி ஏதுய்யா இப்ப?" என்றார் பெரியவர்.

"அப்ப மணல்ல வச்சு எரிச்சுர்றேன்."

 மகள் தானே கோட்டை ஆணியிலிருந்து எடுத்து, காலரைக் கன்னத்தில் வைத்து ஒரு தடவை முகர்ந்துவிட்டு, என் கையில் கொடுத்தாள். "நீங்க சொன்னா சரி மாமா."

ஒரு உரச்சாக்கில் சுற்றிக் கொடுத்தார்கள். குண்டாற்றுக்குப் போனேன். அதுவரை எனக்குள் இரண்டு எண்ணமும் இருந்தன என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், இல்லை. மணலில் உட்கார்ந்து கோட்டை வெளியே எடுத்து என் ரெக்சின் பையில் வைத்தேன். வெறும் சாக்கைக் கொளுத்தினேன். புகை எழுந்தது. யாராவது கேட்டால் "எரிச்சேன்" என்று சொல்லும்போது அதில் ஒரு துளி உண்மை இருக்கட்டும் என்று செய்தேன். எம்.ஏ. படித்தது அதற்காவது உதவியது.

அந்த வாரமே பிளேடால் துணிப்பட்டையைப் பிரித்து எடுத்தேன். யாராவது காலரைத் தூக்கிப் பார்த்தால் மாட்டிக்கொள்வேனே. அதை என்ன செய்வது என்று தெரியாமல், கடையில் கழிவு நூல் போடும் கூடையில் போட்டேன். அந்தக் கழிவை லாரிப் பட்டறைக்காரர்கள் வாங்கிப் போவார்கள், கை துடைக்கவும் எஞ்சின் துடைக்கவும்.

ஊரில் போட முடியாது. அதனால் வருடா வருடம் தை மாதம் பத்து நாள் கொடைக்கானலுக்குப் போக ஆரம்பித்தேன். ஏரிக்கரையில் பனிக்குள் அந்தக் கோட்டோடு நடப்பேன். வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகள் நிறுத்திப் பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள். "எங்கிருந்து கிடைத்தது?" என்று ஒருவர் கேட்டபோது, என் அண்ணன் விமானப்படையில் இருந்தார் என்றேன். எனக்கு அண்ணன் கிடையாது. அந்தப் பத்து நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது வருடம். காலை எட்டு மணி. படகுத்துறைக்குப் பக்கத்தில் நின்று வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தேன். சீருடை போட்ட பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகக் கைகோத்து என்னைக் கடந்தார்கள். சுற்றுலா வந்தவர்கள். வரிசையின் கடைசியில் வந்த டீச்சர் என் முதுகுப்புறம் நின்றுவிட்டதை உணர்ந்தேன்.

"மாமா."

திரும்பினேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. இடது முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கமலைத் தோல் ஒட்டு. எனக்கு அது அழகாகத்தான் பட்டது. உலகத்தில் வேறெந்தக் கோட்டுக்கும் இல்லாத ஒட்டு என்று பெருமைப்பட்டு விட்டுவைத்திருந்தேன். கோட்டு சேர்ப்பவன் பார்ப்பது பட்டையையும் ஜிப்பையும்தான். பட்டையை ஒழித்தால் அடையாளம் ஒழிந்தது என்று நினைத்துவிட்டேன். அந்த ஒட்டு போடும்போது அப்பாவுக்கு ஊசி கோத்துக் கொடுத்ததே அவள்தான் என்பது எனக்குத் தெரியாது.

"பின்னால இருந்து பாத்தேன் மாமா. ஒரு நிமிசம் நெஞ்சே நின்னு போச்சு."

கடலைப் பொட்டலத்தை மடித்துப் பைக்குள் திணித்தேன்.

"மணல்ல வச்சு எரிச்சேன்னு சொன்னீக. எங்கம்மா மூணு நாளு சோறு திங்கல. அவுகள ரெண்டாந் தடவ எரிச்ச மாதிரி இருக்குன்னு அழுதாக."

"அம்மா..." என்றேன்.

"காலரத் தூக்குங்க."

தூக்கினேன். பொது இடத்தில், ஐம்பது வயது மனிதன், ஒரு சின்னப் பெண் சொன்னதற்குக் காலரைத் தூக்கிக் கழுத்தைக் குனிந்து நின்றேன். அங்கே வெறும் ஊசித் துளைகள் இருந்தன.

"அத மட்டும் எரிச்சுட்டீகளாக்கும்" என்றாள்.

வரிசையில் நின்ற ஒரு பிள்ளை கேட்டது: "யாரு டீச்சர் அவரு?"

"யாரோ. எங்க ஊருப்பக்கம்" என்று சொல்லிவிட்டு, அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

அன்றே மலையிறங்கினேன். அருப்புக்கோட்டை வந்ததும் முதலில் லாரிப் பட்டறைக்குப் போனேன். மூன்று வருடத்துக்கு முந்திய கழிவு நூலில் ஒரு துணித்துண்டு இருந்தது என்று சொல்லத் தொடங்கியதுமே பட்டறைக்காரர் சிரித்துவிட்டார். "அண்ணாச்சி, நேத்து தொடச்சதே இங்க கெடையாது. அடுப்புக்குப் போயிருக்கும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோட்டை எடுத்துக்கொண்டு அவள் ஊருக்குப் போனேன். என்னிடம் இருந்த மற்ற பதினொன்றையும் மூட்டையாகக் கட்டி எடுத்துப் போனேன். எதற்கென்று தெரியவில்லை, தண்டம்போல. அவள் அம்மா என்னைக் கண்டதும் பழக்கத்தில், "வாங்கண்ணே" என்று செம்பில் தண்ணீர் கொடுத்தார். மகள் அவரிடம் அதுவரை எதுவும் சொல்லியிருக்கவில்லை. அந்த வேலையை எனக்கென்று விட்டுவைத்திருந்தாள். செம்பைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்: சாக்கு, பிளேடு, கூடை, கொடைக்கானல்.

அவர் கத்தவில்லை. ரொம்பப் பொறுமையாக, எனக்கு ஒன்றைப் புரியவைப்பதுபோலச் சொன்னார்:

"கோயில் பூசாரி சொல்லிருந்தாக்கூட குடுத்துருக்க மாட்டோம்ண்ணே. எம்மக விட்டுருக்க மாட்டா. நீங்க சொன்னதாலதான் குடுத்தோம்."

மகள் உள்ளேயிருந்து வந்தாள். கோட்டை வாங்கிக்கொண்டாள். மூட்டையைக் காலால்கூடத் தொடவில்லை. "இத எடுத்துட்டுப் போங்க" என்றாள். மாமா என்று சொல்லவில்லை. வாசலில் நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அந்த வீட்டுக் கதவு பகலில் சாத்தி நான் பார்த்ததில்லை.

மூட்டையைத் திரும்ப மதுரை நடைபாதைக் குவியலிலேயே கொண்டு போய்க் கொட்டினேன். அடுத்த வருடம் அவள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வரவில்லை. மண்டபத்துக்கு எதிர்த்த கடையில் சோடா குடித்துக்கொண்டு நாதஸ்வரம் கேட்டுவிட்டு வந்தேன்.

அந்த மார்கழியில் ஒருநாள் அதிகாலை, வசூலுக்காகத் திருச்சுழி போய்க்கொண்டிருந்தேன். வெறும் சட்டைதான், பனி நெஞ்சில் குத்தியது. ரோட்டோரம் கம்பு அறுத்து முடிந்த கரிசலில் ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள். உரத்துக்காக நிலத்தில் ஆடுகளை இரவெல்லாம் அடைத்துவைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். காவல் இருந்த முதியவர் ரோட்டுப் பக்கம் வந்து தீப்பெட்டி கேட்டார். அவர் மேல் அந்தக் கோட்டு இருந்தது.

மொபெட்டை நிறுத்தி, தீப்பெட்டியைக் கொடுத்தேன்.

"எங்க வாங்குனீக பெரியவரே?"

"வாங்கவா? ஒரு டீச்சரம்மா குடுத்தாக. அவுக நெலத்துல கிடை போட்டோம். கல்யாணமாகிப் போறதுக்கு முந்தி கூப்புட்டுக் குடுத்துட்டுப் போனாக. பனிக்கு நல்லா இருக்கும் தாத்தா, போட்டுக்கங்கன்னு." காலருக்குள் மூக்கை நுழைத்து முகர்ந்தார். "ஆட்டு மசிருய்யா. குட்டிக எம்மேல வந்து படுத்துக்கிடுது, தாயின்னு நெனச்சுக்கிட்டு."

பீடியைப் பற்றவைத்தார். பித்தளை ஜிப்பு போய்விட்டிருந்தது. அந்த இடத்தில் சணல் கயிறு கோத்துக் கட்டியிருந்தார். ரோமத்தில் நெருஞ்சி முள் அப்பியிருந்தது. முழங்கை ஒட்டு மட்டும் அப்படியே இருந்தது. ஜிப்பு எங்கே விழுந்திருக்கும், பழைய ஜிப்பு ஒன்று எங்கே கிடைக்கும், விளக்கெண்ணெய் போட்டால் தோள்பட்டை வெடிப்பு தேறுமா, இவரிடம் என்ன கேட்டால் கொடுப்பார் என்று என் மனம் ஓடிக்கொண்டிருந்தது. அத்தனைக்கும் பிறகு, அப்போதும்.

"என்ன அப்படிப் பாக்குறீக? குளிருதா?" என்றார். "வேணும்னா செத்த நேரம் போட்டுக்கிட்டு இருங்க. நான் நெருப்புக்கிட்ட உக்காந்துக்கிடுறேன்."

கழற்றுவதற்குக் கயிற்று முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார்.

"வேணாம், வேணாம்" என்று சொல்லிவிட்டு மொபெட்டை உதைத்தேன். அவர் தீப்பெட்டியைத் திருப்பிக் கொடுக்கக் கூப்பிட்டது கேட்டது. நான் நிற்கவில்லை.